ஃப்ளஷ் பண்ணினது எங்கே போகுது? ஆர்.வி. டேங்க்குகளின் கதை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

சாப்பிட்டுக்கிட்டே பாட்காஸ்ட் கேக்குற பழக்கம் உள்ளவங்க இன்னைக்கு மட்டும் தட்டைக் கழுவி வெச்சிட்டு வாங்க. பிறகு என்னைத் திட்டக் கூடாது.

2004 ஆகஸ்ட் 8, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் சிகாகோ நகரம். அந்த ஊர்க் கட்டடங்களை ஆற்றிலிருந்து பார்க்க ஒரு சுற்றுலாப் படகு உண்டு. அன்னைக்கு அதில் சுமார் 120 பேர். மேல்தளம் திறந்தவெளி. படகு கின்ஸி தெருப் பாலத்துக்கு அடியில் போகும்போது, மேலே பாலத்தில் ஒரு பஸ் வருது. டேவ் மேத்யூஸ் பேண்ட் என்ற பிரபல இசைக்குழுவின் டூர் பஸ். உள்ளே டிரைவர் மட்டும்தான். அந்தப் பாலத்தின் தளம் இரும்புச் சல்லடை மாதிரி இருக்கும். டிரைவர் பஸ்ஸோட கழிவுத் தொட்டியைத் திறந்து விட்டார். சுமார் 800 பவுண்டு, அதாவது 360 கிலோ மனிதக் கழிவு நேராகப் படகில் இருந்தவங்க தலையில் விழுந்தது.

வழக்கு நடந்தது. டிரைவர் 2005இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம், சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு எல்லாம் கிடைச்சது. இசைக்குழு 2 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடிச்சுக்கிட்டாங்க.

கேட்டா சிரிப்பு வரும். ஆனா இதை ஒரு இன்ஜினியரா யோசிச்சா, அந்த டிரைவர் மனசில் இருந்தது ரொம்ப சாதாரணமான ஒரு எண்ணம்: "கீழே போயிட்டா போச்சு." நாம தினமும் ஃப்ளஷ் பட்டனை அமுக்கும்போது நினைக்கிறதும் அதேதான். வீட்டில் அந்த எண்ணம் செல்லுபடியாகுது. ஒரு வண்டிக்குள்ள வீட்டைக் கட்டிக்கிட்டுப் போகும்போது ஆகாது. ஏன்னா அங்கே ஃப்ளஷ் பண்ணினது எங்கேயும் போகலை. உங்க கால்ல இருந்து ரெண்டடி கீழே, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள, உங்ககூடவே ட்ரிப் வருது.

இன்னைக்கு எபிசோட் அந்தப் பெட்டியைப் பத்தித்தான். மோட்டார்ஹோம், அமெரிக்காவில் சொல்ற மாதிரி ஆர்.வி. நமக்குக் கேரவன்னு சொன்னா ஷூட்டிங் ஸ்பாட்ல நடிகர்களுக்கு நிக்கிற வண்டிதான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் வேலை பார்க்கிற நம்ம பசங்க நிறைய பேர், லாங் வீக்கெண்ட் வந்தா நாலஞ்சு குடும்பமா சேர்ந்து இதை வாடகைக்கு எடுத்துக்கிட்டு யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன்னு கிளம்பிடறாங்க. நான் போன ட்ரிப்ல வாடகைக் கம்பெனி ஆள் ஏ.சி., ஜெனரேட்டர், டி.வி. பத்தி அரைமணி நேரம் விளக்கினார். டேங்க் பத்தி ஒரே வரி: "லைட் எரிஞ்சா காலி பண்ணுங்க." அந்த ஒரு வரியை நான் இப்போ விரிச்சுச் சொல்றேன்.

மூணு டேங்க்

ஆர்.வி.யில் பொதுவா மூணு தொட்டி. ஃப்ரெஷ் டேங்க்கில் நல்ல தண்ணி. கிரே டேங்க்கில் சிங்க், ஷவர் தண்ணி. பிளாக் டேங்க்கில் டாய்லெட். வாடகைக்குக் கிடைக்கிற நடுத்தர வண்டிகளில் பிளாக் டேங்க் ஏறக்குறைய 30 கேலன் இருக்கும். நம்ம கணக்குல 110 லிட்டருக்குக் கொஞ்சம் மேல.

கேம்ப்கிரவுண்டில் 'ஃபுல் ஹூக்கப்' இருந்தா தண்ணி, கரண்ட், சாக்கடை இணைப்பு மூணும் உங்க இடத்துலயே கிடைக்கும். ஆனா நேஷனல் பார்க்குகளில் அது அபூர்வம். யெல்லோஸ்டோன் அவ்வளவு பெரிய பார்க். அங்கே ஃபுல் ஹூக்கப் உள்ள இடம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒண்ணுதான். மத்த இடங்களில் தங்கினா டேங்க்கை நம்பித்தான் வாழ்க்கை. நிறைஞ்சதும் டம்ப் ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கிட்டுப் போய்க் காலி பண்ணணும்.

முதல்ல நிறையறது பிளாக் டேங்க்னு எல்லாரும் நினைப்பாங்க. பெரும்பாலும் கிரே டேங்க்தான் முந்திக்கும். ஒருத்தர் ஷவரைத் திறந்து விட்டுட்டு பத்து நிமிஷம் பாட்டுப் பாடினா 70 லிட்டர் சுலபமா போயிடும். அதனால உடம்பை நனைச்சதும் ஷவரை மூடு, சோப்புப் போடு, மறுபடி திறந்து அலசு. நம்ம ஊர் பக்கெட் குளியல் கணக்குத்தான்.

நம்ம ஆட்களுக்குன்னு ஒரு ஸ்பெஷல் டிப். சாம்பார், குருமா, தாளிச்ச எண்ணெய் ஒட்டின பாத்திரத்தை அப்படியே சிங்க்ல கழுவாதீங்க. எண்ணெய் கிரே டேங்க் சுவர்ல படிஞ்சு, அதுல சோறும் பருப்பும் ஒட்டி, ரெண்டாம் நாள் கிளம்பற நாத்தத்துக்கு டாய்லெட் மேல பழி விழும். பேப்பர் டவலால வழிச்சுக் குப்பையில போட்டுட்டு அப்புறம் கழுவுங்க.

பிளாக் டேங்க்: எல்லாம் தண்ணிதான்

இந்த எபிசோட்ல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க. பிளாக் டேங்க்கில் வர்ற பிரச்சினை முக்கால்வாசிக்குக் காரணம் தண்ணி பத்தாததுதான்.

வீட்டு டாய்லெட்டில், அமெரிக்காவில் 1994க்கு அப்புறம் வந்த ஸ்டாண்டர்டு படி, ஒரு ஃப்ளஷ்ஷுக்கு 6 லிட்டர் வரைக்கும் தண்ணி. ஆர்.வி. டாய்லெட்டில் கால் பெடலை அமுக்கினா ஒரு மூடி திறக்கும், கொஞ்சம் தண்ணி சுத்தும், விஷயம் நேரா கீழே டேங்க்கில் விழும். தண்ணியை மிச்சம் பண்றேன்னு பெடலை லேசா தட்டிட்டு வந்துட்டா, டேங்க்கில் திடப்பொருள் மட்டும் சேரும். திரவம் இல்லாம அது நகராது.

இதுல பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. ஃபுல் ஹூக்கப் கிடைச்ச சந்தோஷத்துல சிலர் பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே விட்டுடுவாங்க. வீட்டு மாதிரி நேரா சாக்கடைக்குப் போகட்டும்னு. என்ன ஆகும்? திரவம் உடனே வடிஞ்சு போயிடும். மலமும் பேப்பரும் டாய்லெட்டுக்கு நேர் கீழே குவிஞ்சு, காய்ஞ்சு, கோபுரமா நிக்கும். ஆர்.வி. ஆட்கள் அதுக்குப் பிரமிட்னே பேர் வெச்சிருக்காங்க. எகிப்து பிரமிட் மாதிரியே இதுவும் சீக்கிரத்துல இடியாது.

நம்ம பாஷையில சொன்னா பிளாக் டேங்க் ஒரு பஃபர். ஓரளவு நிறைஞ்சப்புறம் ஒரே மூச்சுல ஃப்ளஷ் பண்ணணும். சொட்டுச் சொட்டா விட்டா வேலைக்கு ஆகாது. குறைஞ்சது மூணுல ரெண்டு பங்கு நிறையட்டும். அந்தத் தண்ணியோட எடையும் வேகமும்தான் எல்லாத்தையும் இழுத்துக்கிட்டுப் போகுது. கிளம்பற நேரத்துல பாதிதான் இருக்குன்னா, தண்ணி ஊத்தி நிரப்பிட்டுத் திறங்க.

ஆகவே விதிகள் மூணு. வால்வு எப்பவும் மூடி இருக்கணும். ஒவ்வொரு முறையும் தாராளமா தண்ணி விடணும். காலி பண்ணின உடனே, அடுத்தவர் உபயோகிக்கிறதுக்கு முன்னாடி, ரெண்டு மூணு கேலன் தண்ணியை டேங்க்குக்குள்ள விட்டு வைக்கணும். காய்ஞ்ச தரையில எதுவும் விழக் கூடாது.

டாய்லெட் பேப்பருக்கு ஒரு சின்ன டெஸ்ட். மூடி போட்ட பாட்டில்ல தண்ணி ஊத்தி, ரெண்டு தாள் போட்டு, நல்லாக் குலுக்குங்க. தூளாக் கரைஞ்சா அதை வாங்குங்க. துண்டு துண்டா மிதந்தா வேண்டாம். வெட் வைப்ஸ் பாக்கெட்ல 'ஃப்ளஷபிள்'னு போட்டிருந்தாலும் உள்ளே போடாதீங்க. அது துணி மாதிரி, கரையாது. நாப்கின், பட்ஸ், முடி எதுவும் கூடாது. தண்ணியே பழக்கம்னு சொல்றவங்களுக்கு இங்கே ஒரு லாபம் இருக்கு. பேப்பர் கம்மி, தண்ணி அதிகம். டேங்க்குக்கு அதுதான் வேணும்.

டம்ப் ஸ்டேஷனில் இருபது நிமிஷம்

2006இல் ராபின் வில்லியம்ஸ் நடிச்ச 'ஆர்.வி.'னு ஒரு படம் வந்தது. அதில் டம்ப் ஸ்டேஷன் சீன்ல கழிவு ஊற்று மாதிரி பீச்சி அடிக்கும். அதைப் பார்த்துப் பயந்தவங்க அதிகம். நிஜத்தில், வரிசை தெரிஞ்சா இது சலிப்பான வேலை. இந்த வேலை சலிப்பா இருக்கிறதுதான் நல்லது.

முதல்ல கிளவுஸ். வண்டியின் வெளியேற்றுக் குழாய், தரையில் இருக்கிற துவாரத்துக்குப் பக்கத்துல வர்ற மாதிரி நிறுத்துங்க. ரெண்டு வால்வும் மூடி இருக்கான்னு கையால இழுத்துப் பார்த்த பிறகுதான் குழாய் மூடியைக் கழட்டணும். ஹோஸ்ஸோட ஒரு முனையை வண்டியில மாட்டித் திருகுங்க. 'கிளிக்'னு உட்காரணும். இன்னொரு முனையைத் துவாரத்துக்குள்ள விட்டு, எழும்பாம அழுத்தி வையுங்க.

இப்போ பிளாக் டேங்க் வால்வை முழுசா, ஒரே இழுப்புல திறங்க. சத்தம் அடங்கற வரைக்கும் காத்திருங்க. சில வண்டிகளில் டேங்க்குக்குள்ள தண்ணி பீச்சிக் கழுவற இணைப்பு தனியா இருக்கும். அதைத் திறக்கும்போது பிளாக் வால்வு திறந்தே இருக்கணும். மூடி வெச்சிட்டுத் தண்ணியை விட்டா டேங்க் நிரம்பி, டாய்லெட் வழியா வண்டிக்குள்ளயே வரும். தெளிஞ்ச தண்ணி வந்ததும் நிறுத்தி, பிளாக் வால்வை மூடுங்க.

அப்புறம்தான் கிரே டேங்க். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கு. சோப்புத் தண்ணி பின்னாடி வந்து ஹோஸ்ஸைக் கழுவிக் கொடுத்துடும். அதுக்காகவே கிரே வால்வையும் முன்கூட்டியே மூடி, தண்ணியைச் சேர்த்து வைக்கணும். முடிஞ்சதும் வால்வை மூடி, ஹோஸ்ஸை வண்டிப் பக்கத்திலிருந்து உயர்த்தி, மிச்சத்தை வடிச்சுட்டு, முதல்ல வண்டி முனையைக் கழட்டுங்க. துவாரத்துல இருக்கிற முனை கடைசியில. எதையாவது சிந்தியிருந்தா கழுவி விட்டுட்டுக் கிளம்புங்க. அடுத்த வண்டியில வர்றவங்க உங்க வேலைக்காரர் இல்லை.

கெமிக்கல், ஐஸ் கட்டி, பொய் சொல்ற லைட்

கடையில் டேங்க் கெமிக்கல் பாட்டில் பாட்டிலா கிடைக்கும். பழைய வகைகளில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். அது பாக்டீரியாவைக் கொன்னு நாத்தத்தை அடக்கும். பிரச்சினை என்னன்னா, நிறைய கேம்ப்கிரவுண்டுகளில் டம்ப் ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கிறது செப்டிக் டேங்க். அங்கே கழிவைச் செரிக்கிறதே அந்த பாக்டீரியாதான். உங்க டேங்க் மணக்கறதுக்காக அவங்க சிஸ்டத்தையே சாகடிக்கிற மாதிரி. கலிஃபோர்னியா இந்த மாதிரிப் பொருட்களுக்குச் சட்டம் போட்டே தடை விதிச்சிருக்கு. என்சைம் அல்லது பாக்டீரியா வகை வாங்கினா போதும். பிளாக் டேங்க்கில் பிளீச் ஊத்தற வேலையும் வேண்டாம். சிறுநீரில் இருந்து வர்ற அம்மோனியாவோட பிளீச் சேர்ந்தா நச்சு வாயு கிளம்பும்.

இன்டர்நெட்டில் ஒரு பிரபல வைத்தியம்: டாய்லெட்டில் ஐஸ் கட்டி கொட்டி, வண்டி ஓட்டினா அது உருண்டு டேங்க்கைத் தேய்ச்சுக் கழுவும்னு சொல்வாங்க. ஐஸ் தண்ணியில மிதக்கும்னு ஆறாங்கிளாஸ்ல படிச்சோம். அடியில் ஒட்டினதை மேலே மிதக்கறது எப்படித் தேய்க்கும்? கொஞ்ச தூரத்துல அது கரைஞ்சும் போயிடும். ஏதாவது பலன் கிடைச்சிருந்தா, அது உள்ளே போன தண்ணி வண்டி ஆட்டத்துல அலம்பினதுக்குக் கிடைச்ச பலன்.

அடுத்தது அந்த லைட். பல வண்டிகளில் டேங்க் சுவரில் உயரத்துக்கு ஒண்ணா சில உலோக முனைகள் இருக்கும். திரவம் தொட்டா மின்சாரம் பாயும், லைட் எரியும். அதுல பேப்பர் ஒட்டிக்கிட்டா டேங்க் காலியா இருந்தாலும் லைட் எரியும். சுத்தமான ஃபால்ஸ் பாசிட்டிவ். அதனால லைட்டை நம்பாம, டார்ச் அடிச்சு மூடி வழியா ஒரு பார்வை பார்த்துடுங்க. எத்தனை பேர், எத்தனை நாள்னு கணக்கும் வெச்சுக்கோங்க.

நாத்தத்துக்கு இன்னொரு காரணம் காத்தோட்டம். பிளாக் டேங்க்கில் இருந்து கூரைக்கு ஒரு வென்ட் குழாய் போகும், வாயு அது வழியா வெளியேறணும். பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது பெடலை அமுக்கினா, ஃபேன் வண்டிக்குள்ள இருக்கிற காத்தை வெளியே இழுக்கும். அந்தக் காலி இடத்தை நிரப்ப டேங்க் காத்து மேலே வரும். ஃப்ளஷ் பண்ற நேரம் மட்டும் ஃபேனை நிறுத்துங்க. கெமிக்கல் இல்லாமலே பாதிப் புகார் தீரும்.

குடிக்கிற தண்ணி: இங்கேதான் உண்மையான ஆபத்து

பிளாக் டேங்க் தப்பா போனா நாத்தம் வரும், நாம ஜாக்கிரதை ஆயிடுவோம். ஃப்ரெஷ் டேங்க் தப்பா போனா ஒண்ணும் தெரியாது. வயிறுதான் சொல்லும்.

முதல் விதி, ஹோஸ் ரெண்டு. குடிநீர் ஹோஸ் பெரும்பாலும் வெள்ளை அல்லது நீலம். டேங்க் கழுவற ஹோஸ் வேற நிறத்துல. ரெண்டும் ஒரே பெட்டியில கூட இருக்கக் கூடாது. வாடகை வண்டி எடுக்கும்போதே ரெண்டும் தனித்தனியா இருக்கான்னு கேளுங்க. டம்ப் ஸ்டேஷன்ல இருக்கிற அலசும் குழாய்ல தண்ணி பிடிக்காதீங்க. 'குடிக்க உகந்ததல்ல'னு போர்டு இருக்கும். முன்னாடி வந்தவர் தன்னோட சாக்கடை ஹோஸ்ஸை அந்தக் குழாய் வாயிலயே வெச்சுக் கழுவியிருப்பார். தண்ணி பிடிக்கிற இடம் தனி. அங்கேயும் குழாய் வாயைக் கிருமிநாசினியால துடைச்சுட்டு, கொஞ்ச நேரம் தண்ணியை ஓட விட்டுட்டு மாட்டுங்க.

சொந்த வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு: பல மாசம் நின்ன வண்டியை எடுக்கும்போது டேங்க்கைக் கிருமிநீக்கம் பண்ணணும். பரவலா சொல்ற அளவு 15 கேலன் தண்ணிக்கு கால் கப் சாதா பிளீச். லிட்டர்ல 57க்கு 60 மில்லி. வீட்டு பிளீச்சில் ஏறக்குறைய 5 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட்னு வெச்சுக் கணக்குப் போட்டா, 50 பி.பி.எம். பக்கம் வருது. வாசனை சேர்த்த பிளீச் வேண்டாம்.

ஹீட்டரை அணைச்சிடுங்க. வாட்டர் ஃபில்டர் கார்ட்ரிட்ஜைக் கழட்டுங்க. பிளீச்சை ஒரு பக்கெட் தண்ணியில கலந்து டேங்க்கில் ஊத்தி, மீதியை நல்ல தண்ணியால நிரப்புங்க. பம்ப்பைப் போட்டு ஒவ்வொரு குழாயையும், சூடு, குளிர் ரெண்டையும், பிளீச் வாசனை வர்ற வரைக்கும் திறந்து மூடுங்க. ஷவரையும் டாய்லெட்டையும் விடாதீங்க. ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும். காலையில வடிச்சு, வாசனை போற வரைக்கும் திரும்பத் திரும்ப அலசுங்க.

குளிர்காலத்துக்கு ஒரு வார்த்தை. தண்ணி உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும், பைப் வெடிக்கும். அதுக்கு வடிச்சுட்டு விடற ஆன்ட்டிஃப்ரீஸ், புரோப்பிலீன் கிளைகால் வகையா இருக்கணும். பெரும்பாலும் பிங்க் நிறம். கார் இன்ஜினில் வழக்கமா ஊத்தற எத்திலீன் கிளைகால் விஷம். குடிநீர்ப் பைப் பக்கமே அது வரக் கூடாது.

நம்ம வீட்டுக்கு அடியில இருக்கிற பிளாக் டேங்க்

ஆர்.வி. வாங்கவே போறதில்லைன்னு இவ்வளவு நேரம் கேட்டவங்களுக்கு இந்தக் கடைசிப் பகுதி.

பிளாக் டேங்க்கோட டிசைன்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது, அதுக்குள்ள ஒரு மனுஷன் இறங்க வேண்டிய தேவை எந்தக் கட்டத்துலயும் வராது. வால்வு வெளியே, குழாய் வெளியே, கழுவற இணைப்பு வெளியே. பணக்காரரா இருந்தாலும் கிளவுஸ் போட்டுத் தன் கழிவைத் தானே அப்புறப்படுத்தறார். யாருக்கும் அதுல கௌரவக் குறைச்சல் இல்லை.

இதே வேலையைச் செய்யற பெட்டி சென்னைப் புறநகர்ல, கோவையில, மதுரையில எத்தனையோ வீடுகளுக்கு அடியில இருக்கு. செப்டிக் டேங்க். அதுக்குள்ள சேர்ற ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைஞ்ச அளவுல அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அளவு கூடினா மூக்கே மரத்துப்போயிடும், நாத்தம் தெரியாது. இன்னும் கூடினா சில மூச்சுல ஆள் மயங்கி விழுவார். நாத்தம் இல்லையே, இறங்கலாம்னு நினைக்கிற இடத்துலதான் உயிர் போகுது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாம ஆளை இறக்கிச் சுத்தம் பண்ண வைக்கிறதை 2013ஆம் வருஷச் சட்டம் தடை பண்ணியிருக்கு. சாக்கடை மரணங்களுக்கு இழப்பீடு 30 லட்ச ரூபாயா இருக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர்ல சொல்லுச்சு. சட்டம் வந்து பத்து வருஷம் கழிச்சும் இழப்பீட்டுத் தொகையைப் பத்திப் பேச வேண்டிய நிலைமைன்னா, இறக்கறது நிக்கலைன்னுதான் அர்த்தம்.

நம்மளால முடிஞ்சது என்ன? வைப்ஸ், நாப்கின், எண்ணெய் எதையும் உள்ளே அனுப்பாம இருக்கலாம். அடைப்பு வந்தாத்தான் யாரையாவது கூப்பிடுவாங்க. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை, நிரம்பி வழியறதுக்கு முன்னாடியே, உறிஞ்சற லாரியைக் கூப்பிடலாம். "அடியில கொஞ்சம் கெட்டியா இருக்கு, ஒரு ஆளை இறக்கி வழிச்சிடலாமா சார்?"னு கேட்டா, தண்ணி ஊத்திக் கலக்கி மறுபடி உறிஞ்சச் சொல்லலாம். கூட ஆகற காசைக் கொடுத்திடலாம். அந்த நேரத்துல "வேண்டாம்"னு சொல்ல வேண்டியது நீங்கதான். அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் பார்க்கிங் சண்டைக்கு நடுவுல இதையும் ஒரு தடவை எழுதிப் போடுங்க.

இன்னைக்கு இவ்வளவுதான். அடுத்த மாசம் ஆர்.வி. ட்ரிப் பிளான் பண்ற நண்பர்களுக்கு இந்த எபிசோடை அனுப்பி வையுங்க, முக்கியமா டேங்க் வேலையை யார் செய்யறதுன்னு இன்னும் முடிவு பண்ணாத குரூப்புக்கு. என் யோசனை, தினம் ஒருத்தர்னு முறை வெச்சுக்கோங்க. எல்லாரும் ஒரு தடவை கிளவுஸ் போட்டுட்டா, அப்புறம் யாருமே பெடலை லேசா தட்டிட்டு வர மாட்டாங்க.

அடுத்த வாரம் சந்திப்போம். இப்போ போய்ச் சாப்பிடுங்க.